ஊவா மலையில் தப்பு

பதுளை நகரைப் புகையிரதம் வந்தடைந்தது 1924ஆம் ஆண்டில். தப்பு அதற்குப் பல பத்தாண்டுகள் முன்னரே கால்நடையாக வந்து சேர்ந்துவிட்டது. கோப்பித் தோட்டங்களுக்கும், கோப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் தம்மோடு கொண்டுவந்த சொத்துகளுள் அதுவும் ஒன்று. அது புதிய கருவியன்று. தொல்காப்பியர் நிலந்தோறும் அமையும் கருப்பொருள்களை எண்ணுமிடத்து, தெய்வம், உணவு, மரம், புள் என்பவற்றோடு பறையையும் சேர்த்தே எண்ணினார். அப்பறை வகைகளுள் ஒன்றுதான் மலைநாட்டில் தப்பு என்று வழங்குகிறது.

கருவியின் அமைப்பு எளியது. மூன்று மரத்துண்டுகளை வில்லாக வளைவுபடச் செதுக்கி, இரும்புத் தகட்டால் பிணைத்து, ஏறத்தாழ 14 அங்குல அகலமுள்ள வட்டச் சட்டமாக்குவர். அதன் ஒரு முகத்தில் மட்டும் தோல் போர்த்துவர். இடக்கையில் நீண்டு மெலிந்த சிண்டுக்குச்சி. வலக்கையில் குறுகித் தடித்த அடிக்குச்சி. இவ்வளவே. தோலை முறுக்கிச் சுதி கூட்ட இதில் ஆணியுமில்லை, வாருமில்லை. வைக்கோலையோ சருகையோ கொளுத்தி, அத்தீயின்முன் தப்பைக் காட்டிக் காய்ச்சுவர். தோலில் ஊறிய ஈரம் அகல, தோல் சுருங்கி இறுகும், ஓசை ஏறும். சிறிது நேரத்தில் மீண்டும் தளரும். மீண்டும் தீ மூட்ட வேண்டும்.

ஆகவே தப்பின் வாழ்வு தட்பவெப்பத்தோடு கட்டுண்டது. ஊவாவில் யூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட கச்சான் காற்று மலையிறங்கி வீசும். உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தைத் தேடித்தந்தது அந்தக் காற்றே. தப்பின் தோலுக்கும் அது உற்ற துணை. ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை பிடித்துவிட்டாலோ கதை வேறு. மூடுபனியும் தூறலும் தோலை ஓயாமல் நனைக்கும். அடிப்பவன் அரைப்பொழுது அடித்தால் அரைப்பொழுது தீக்காய்ச்சவே சரியாகும்.

தோல் கிழிந்தால் தப்பு செத்துவிடுவதில்லை. பழந்தோலை நீரில் ஊறவைத்து உரிப்பர். சட்டத்தில் ஒட்டிய பழைய பசையைச் சுரண்டி, தளர்ந்த தகடுகளை இறுக்குவர். புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய பசையே இதற்கு உகந்தது. மயிர் களைந்த கன்றுத்தோலை ஈரத்தோடு இழுத்துப் போர்த்தி ஒட்டிக் காயவிடுவர். சட்டம் பாட்டன் செய்தது, தோல் பேரன் போர்த்தியது என்று ஒரே கருவியில் இரு தலைமுறையின் கைவேலை இருத்தல் கூடும்.

மேனாட்டில் பழங்கருவிகளைச் செப்பனிடுவோர்க்கு ஒரு பெருஞ் சிக்கல் உண்டு. பீட்டில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னி 1961இல் ஹம்பேர்க் நகரில் வாங்கிய ஹொஃப்னர் மின் பேஸ் கித்தாரை நேயர்கள் சிலர் அறிந்திருப்பர். தந்தி நீளம் வழக்கமான 34 அங்குலத்துக்குக் குறைந்து 30 அங்குலமளவே கொண்ட சிறு கருவி அது. 1972இல் களவு போய், அது மீண்டும் கிடைத்த செய்தி 2024இல் வெளியாயிற்று. செப்பனிட்டபின் அதே ஆண்டு இறுதியில் இலண்டன் மேடையில் ஒலித்தது. இத்தகைய கருவியில் எதை மாற்றலாம், எதைத் தொடலாகாது என்று வல்லுநர் வழக்காடுவர். பழைய ஆணி ஒன்றும் அங்கே விலைமதிப்புடையது. தப்புக்கு இவ்வழக்கே இல்லை. அதன் மூலத்தோலை எவரும் தேடுவதில்லை. புதுப்பித்தலே அதன் இயல்பு. செய்தவன் பெயரையும் எவரும் பொறித்து வைக்கவில்லை.

தோட்டத்தில் தப்புக்கு விதிக்கப்பட்ட முதல் வேலை இசையன்று, ஏவல். விடியுமுன் லயக் காம்பிராக்களில் உறங்குவோரைத் தட்டியெழுப்பிப் பெரட்டுக்களத்துக்கு அழைத்தது அதன் ஓசையே. தலவாக்கலைத் தொகுதியிலிருந்து 1947இல் பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் இயற்றி, சக்தீ பாலையா தமிழாக்கிய தேயிலைத் தோட்டக் கவிதை அவ்விடியற்காலைத் தப்பொலியோடுதான் தொடங்குகிறது. தெய்வத்தை அழைத்த கருவி துரையின் கடிகாரமாயிற்று. இதைக் கருவிக்கு நேர்ந்த மாற்றங்கள் அனைத்தினும் கொடியதென்று சொல்லத் தோன்றுகிறது. தோல் மாறியதனால் வந்த மாற்றமன்று அது.

மாசி மாதத்தில் அதே தப்பு வேறு குரலில் பேசும். காமன் கூத்தில் மன்மதனுக்கும் ரதிக்கும் மணம் நடக்கும், சிவனின் நெற்றிக்கண்ணால் காமன் எரிவான், ரதி புலம்புவாள். ஆட்டத்துக்கும், தகனத்துக்கும், புலம்பலுக்கும் அடி வேறு வேறு. வேடமிட்டவர் மீது தெய்வம் ஏறுவதும் இறங்குவதும் தப்புக்காரரின் கையில் இருக்கிறது. சாவு வீட்டிலும் அவரின்றி ஊர்வலம் நகராது. இத்தனை அதிகாரமும் கைக்குச்சிகளோடு முடிந்துவிடும். தப்படித்தல் குறித்த சாதியார்க்கே உரிய தொழிலென விதிக்கப்பட்டிருந்தது; பல தோட்டங்களில் லயங்களும் சாதி பார்த்தே ஒதுக்கப்பட்டன. தந்தை பட்ட இழிவைக் கண்ட மகன், படித்தபின் குச்சியைத் தொட மறுத்தான். அவனைக் குறைகூற எவர்க்கும் உரிமை இல்லை.

இன்னொரு முறிவும் நேர்ந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. தலைமன்னார்த் துறையில் கப்பலேறிய குடும்பங்கள் பல. அவர்களுள் தப்பு வல்லாரும் இருந்திருப்பர். எழுத்தில் இல்லாத கலை ஆளோடு போய்விடும்.

அண்மைக் காலத்தில் கருவியே உருமாறி வருகிறது. உலோக வளையமும், திருகாணியும், செயற்கைத் தோலும் கொண்ட பறைகள் சந்தைக்கு வந்துள்ளன. மழையில் அவை தளர்வதில்லை, தீயும் வேண்டியதில்லை. ஓசையோ மெலிந்து கீச்சிடும். கன்றுத்தோலின் அடிவயிற்று முழக்கம் அதில் இல்லை. எனினும் கார்த்திகை மழையில் பிண ஊர்வலத்தோடு மலைப்பாதை இறங்கும் தப்புக்காரர் செயற்கைத் தோலை நாடினால், அடுப்பருகே அமர்ந்து மரபு பேசுவோர் அவரைத் தடுத்தல் நியாயமன்று.

அடிக்கும் கையும் மாறுகிறது. தமிழகத்தில் திண்டுக்கல் சக்திக் கலைக்குழுவின் பெண்கள் பறையை மேடையேற்றினர். மதுரையைச் சார்ந்த வேலு ஆசானுக்கு 2025இல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. மலைநாட்டுப் பாடசாலை மாணவர் விழாவில் தப்பெடுத்து ஆடினால் பெற்றோர் கைதட்டுவர். அம்மாணவர்க்கு அடியைச் சொல்லிக்கொடுக்க அழைக்கத் தகுந்தவர், நேற்றுச் சாவு வீட்டில் கூலிக்கு அடித்த முதியவரே. அவரை வாசலில் நிறுத்தாமல், ஆசிரியர் அறையில் நாற்காலியிட்டு, மற்றவர்க்குக் கொடுக்கும் அதே குவளையில் தேநீர் கொடுத்து, உரிய சன்மானமும் அளிக்கவேண்டும். பழஞ் சட்டத்தில் புதுத்தோல் போர்த்தும் வித்தையையும் அவரே அறிவார்.