யாரை முதலில் கூப்பிடுவது?

ஞாயித்துக்கிழமை மல்லேஸ்வரம் போய் காபி குடிக்கலாம்னு கிளம்பினவனைப் பொண்ணு பிடிச்சு உட்கார வச்சிட்டா. ஆபரேட்டிங் சிஸ்டம் லேபுக்கு எழுதின ப்ரோகிராமாம். "அப்பா, நீங்கதான் கவுண்டர்ல க்யூ பாத்தவராச்சே, இந்தக் கணக்கு சரியான்னு பாருங்க." நான் வெறும் பி.காம்.! இருந்தாலும் பார்த்தேன்.

ஒரே நேரத்தில் மூணு வேலை வருது: 20, 4, 2 நிமிஷம். வந்த வரிசைப்படி விட்டா சராசரிக் காத்திருப்பு 14.67 நிமிஷம். சின்னதை முதலில் முடிச்சா 2.67. ஆளுக்கு ரெண்டு நிமிஷம்னு சுத்தி விட்டா 5.33. மெஷின் அதேதான், வேகம் துளி கூட ஏறலை.

சின்னதே முதலில்னு விட்டா என்னன்னு தோணும். எந்த வேலை சின்னதுன்னு கவுண்டர்காரனுக்குப் பார்த்தாலே தெரியும், மெஷினுக்குத் தெரியாதே! எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ குழு 1961-ல் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துக்கிற சி.டி.எஸ்.எஸ்ஸை ஓட்டிக் காட்டினப்போ இதுக்கு ஒரு வழி பண்ணினாங்க. கொடுத்த நேரத்தில் முடிக்காத வேலை ஒரு படி கீழே இறங்கும். கீழே போகப் போக முறை அபூர்வம், ஆனா கிடைச்சா நிறைய நேரம். கார்பட்டோவுக்கு 1990-ல் ட்யூரிங் விருது.

(நம்ம பக்கம்: கான்பூர் ஐ.ஐ.டி.க்கு 1963-ல் ஐ.பி.எம். 1620 வந்தது. அங்கே பாடம் எடுத்த ஈரோட்டுக்காரர் வி. ராஜாராமன் 1982-ல் பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி.க்கு வந்தார். அவர் புத்தகம் படிக்காத கம்ப்யூட்டர்காரர் அந்தத் தலைமுறையில் குறைவு.)

அப்புறம் ப்ரோகிராமில் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு சின்ன வேலை வந்துட்டே இருக்கிற மாதிரி மாத்தினோம். 'சின்னதே முதலில்' முறையில் அந்த 20 நிமிஷ வேலை ஆரம்பிக்கவே இல்லை. பாடப்புத்தகத்தில் ஒரு வதந்தி உண்டு: எம்.ஐ.டி.யில் 1973-ல் ஒரு ஐ.பி.எம். 7094-ஐ நிறுத்தினப்போ, 1967-ல் கொடுத்த வேலை ஒண்ணு ஓடாமலே கிடந்ததாம்.

பொண்ணு சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரலை.

2003 நவம்பர், நான் இருந்த ஒரு கிளை. பென்ஷன் பெரியவர் ஒருத்தர், பாஸ்புக்கில் பழைய பதிவு எதுவோ தப்பு. லெட்ஜரைத் தோண்டணும், இருபது நிமிஷமாவது ஆகும். "உட்காருங்க"ன்னுட்டு பின்னாடி இருந்தவங்களை ஒவ்வொருத்தரா முடிச்சு அனுப்பினேன். வரிசை குறைஞ்சதுன்னு மேனேஜர் கூட பாராட்டினார். மதியம் நிமிர்ந்து பார்த்தா அவர் அதே நாற்காலியில். "பரவாகில்லா சார், நாளே பர்த்தீனி"ன்னு கன்னடத்தில் சொல்லிட்டு எழுந்து போனார். மறுநாள் வரலை.

இதுக்கு மருந்தும் இருக்கு. காத்திருக்கக் காத்திருக்க முன்னுரிமை ஏறும், 'ஏஜிங்'னு பேர். லினக்ஸில் எல்லாருக்கும் சமப் பங்குங்கிற வாதத்தை விடாம பேசினவர் கான் கொலிவாஸ், ஆஸ்திரேலிய மயக்க மருந்து டாக்டர்! 2007-ல் வந்த இங்கோ மோல்னாரின் ஷெட்யூலருக்கு அந்த யோசனைதான் தூண்டுதல். 2023-ல் அதுவும் மாறிடுச்சு.

பொண்ணுகிட்ட ப்ரோகிராமில் இன்னொரு பத்தி சேர்க்கச் சொன்னேன். சராசரிக்குப் பக்கத்தில், அதிகபட்சக் காத்திருப்பு. "சிலபஸ்லயே இல்லையேப்பா"ன்னா. சேர்த்துட்டா.