வாக்குரிமையும் யாழ்ப்பாணத்து உயர்குழாமும்

யாழ்ப்பாணத்து அரசியல் வரலாறு பெரும்பாலும் தலைவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அத்தலைவர்கள் பொதுமக்களை எவ்வாறு நோக்கினர் என்பது அரிதாகவே ஆராயப்படுகின்றது. இவ்வினாவை எழுப்புதற்கு இணுவிலும் அதன் அயலும் ஏற்ற களமாகும்.

செம்மண் தோட்டங்களும் கிணற்று நீரும் வாழ்வளித்த ஊர் இணுவில். தவில், நாதசுர மரபாலும் அது புகழ்பெற்றது. தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933 – 1975) பிறந்த ஊரும் அதுவே. இவ்வூருக்கு வடக்கே, மருதனார்மடத்தில், 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்கள் கல்லூரியை நிறுவினார். சைவப் பெண்களின் கல்வி வரலாற்றில் அது மறக்கவொண்ணாத பணியாகும். எனினும், பெண்களுக்குப் பள்ளி அமைத்த அப்பெருந்தலைவரே அவர்களுக்கு வாக்குரிமை வழங்குவதை எதிர்த்தார். இம்முரண்பாடு தனியொருவரின் இயல்பினால் மட்டும் விளைந்ததன்று.

1833இல் தோன்றிய சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியைத் தேசாதிபதியே நியமித்தார். 1879இல் அவ்விடத்துக்கு இராமநாதன் நியமிக்கப்பட வேண்டுமென ஆறுமுக நாவலர் முன்னின்று ஆதரவு திரட்டினார். சமயத் தலைமையும் அரசியல் தலைமையும் இவ்வாறு கைகோத்தன. 1911இல் இராமநாதன் வென்ற 'படித்த இலங்கையர்' ஆசனத்துக்கு நாடு முழுவதிலும் 3,000க்கும் குறைந்தவரே வாக்காளராயிருந்தனர். 1920களிற்கூடச் சனத்தொகையில் ஏறத்தாழ 4 வீதத்தினரே வாக்களிக்கத் தகுதி பெற்றிருந்தனர். எழுத்தறிவும் சொத்தும் வருமானமும் இல்லாதவர் அரசியலுக்குப் புறம்பானவராயினர்.

1927இல் வந்த டொனமூர் ஆணைக்குழு மறு ஆண்டில் வெளியிட்ட அறிக்கை இந்நிலையைத் தகர்த்தது. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட சாதியினருக்கும் வாக்களிப்பது சமூக ஒழுங்கைக் குலைக்குமென இராமநாதன் வாதிட்டார். தென்னிலங்கைத் தலைவர்களிற் பலரும் மட்டுப்படுத்திய வாக்குரிமையையே விரும்பினர். தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க போன்ற சிலரே பரந்த வாக்குரிமையைக் கோரினர். அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் எழுத்தறிவுச் சோதனைகள் கறுப்பின மக்களை 1965 வரை வாக்குச்சாவடிக்குப் புறத்தே நிறுத்தியமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 'கல்லாதவர் ஆளத் தகார்' என்னும் வாதம் ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று.

1931இல் சர்வசன வாக்குரிமையுடன் முதல் தேர்தல் நிகழ்ந்தது. ஆயின், முழுச் சுயராச்சியம் வழங்கப்படவில்லை எனக் கூறி யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்காரத்துக்கு அறைகூவியது. சாதிப் பாகுபாட்டை எதிர்த்த, இலட்சிய நோக்குடைய இளைஞர் இயக்கம் அது. அவ்வழைப்பின் விளைவாகக் குடாநாட்டின் நான்கு ஆசனங்களும் வெறுமையாயின. முதன்முறையாக வாக்குப்பெற்ற உழவரும் கூலித் தொழிலாளரும் பெண்களும் அதனைப் பயன்படுத்த 1934 இடைத்தேர்தல் வரை காத்திருக்க நேர்ந்தது. அத்தேர்தலில் இராமநாதனின் மருமகன் சு. நடேசனும், அவர் தமையன் மகன் அருணாசலம் மகாதேவாவும் தெரிவாயினர் எனச் சுருங்கக் கூறின் உறவுமுறை பிழைபடும். மகாதேவா, இராமநாதனின் தம்பி சேர் பொன். அருணாசலத்தின் மைந்தராவார். வாக்கு விரிந்தது, தலைமையின் குடும்ப வட்டமோ உடனே விரியவில்லை.

பழைமை பேணியோர் மக்களைத் தகுதியற்றோர் என்றனர். புதுமை நாடியோர் மக்களுக்காகத் தாமே முடிவெடுத்தனர். நோக்கங்கள் வேறுபட்டன, மக்களைக் கேளாமை இரண்டுக்கும் பொதுவாயிற்று. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் இயற்றப்பட்ட பின்னரும், 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயக் கதவு திறக்கப் போராட வேண்டியிருந்தது. எனவே, வாக்குரிமை பொதுமக்களுக்குக் கிடைத்த முடிவன்று. தம் குரலைத் தாமே ஒலிப்பதற்கான தொடக்கமே எனக் கொள்ளல் பொருந்தும்.