மேக்ரோவை எங்கே வைப்பது?



போன வாரம் கிழக்குத் தாம்பரத்திலிருந்து பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். இப்போது அவளும் ஆசிரியை. "சார், நீங்க கொடுத்த மார்க் ஃபைல்ல பட்டனை அழுத்தினா மேக்ரோவைக் காணோம்னு வருது. நாளைக்கு ரேங்க் ஷீட் கொடுக்கணும்."

தவறு என்னுடையதுதான். அதைப் புரியவைக்கக் கொஞ்சம் சரித்திரம் சொல்ல வேண்டும். (வகுப்பில் போலக் கொட்டாவி விடாதீர்கள்!)

1979-இல் டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் தந்த விசிகால்க்கில் முதலில் மேக்ரோவே இல்லை. 1983-இல் லோட்டஸ் 1-2-3 அதைக் கொண்டுவந்தது. ஆனால் அது குடியிருந்தது மார்க் இருக்கும் அதே தாளில், பக்கத்துக் கட்டங்களில். டி.சி. வாங்கிப் போன பையனின் வரியை அழித்தால் அதே வரிசையில் இருந்த மேக்ரோ வரியும் போய்விடும்! அதனால் விவரம் தெரிந்தவர்கள் மேக்ரோவைக் கீழே, வலது மூலையில் தள்ளி வைப்பார்கள். 1985-இல் வந்த எக்செல் அதற்குத் தனித் தாளே கொடுத்தது. 1993-இல் எக்செல் 5-உடன் விபிஏ வந்தது, மாட்யூலும் வந்தது.

அப்போதுதான் என்னைப் போன்றவர்களுக்குச் சபலம். எக்செல்லில் 'பெர்சனல்' என்று ஒரு மறைவான ஃபைல் உண்டு. அதில் வைத்தால் அந்தக் கணினியில் எந்த ஃபைலைத் திறந்தாலும் மேக்ரோ தயார். ஓப்பன் ஆபீஸிலும் 'என் மேக்ரோக்கள்' என்று இதே ஏற்பாடு. எனக்கு வசதியாகத்தான் இருந்தது. ஓய்வு பெற்றபோது மார்க் ஃபைலை பென்டிரைவில் கொடுத்தேன். பட்டன் அதோடு போயிற்று, மேக்ரோ என் மடிக்கணினியிலேயே தங்கிவிட்டது.

ஒரு தாளில் மார்க் மாறும்போது மட்டும் ஓட வேண்டியதை அந்தத் தாளின் மாட்யூலில் வைக்கலாம். ஃபைல் திறக்கும்போது ஓட வேண்டியது 'திஸ் ஒர்க்புக்'கில். ரேங்க் போடுவது போன்ற பொதுவேலைக்கு, அதே ஃபைலுக்குள் சாதாரண மாட்யூல்.

அன்று இரவு பழைய மடிக்கணினியைத் தூசி தட்டி, மாட்யூலை அவள் ஃபைலுக்கு மாற்றி, பட்டனை மறுபடி இணைத்து, எக்ஸ்எல்எஸ்எம் ஆகச் சேமித்தேன். எக்செல் 2007 முதல் எக்ஸ்எல்எஸ்எக்ஸில் சேமித்தால் மேக்ரோ நிற்காது. மெயிலில் அனுப்பினால் இன்னொரு தடை: 2022 முதல் இணையத்தில் வரும் மேக்ரோவை எக்செல் தானே முடக்கிவிடுகிறது. பிராப்பர்டீஸில் 'அன்பிளாக்' டிக் போடச் சொன்னேன்.

பத்தே முக்காலுக்கு வாட்ஸ்அப்பில் ரேங்க் ஷீட் படம் வந்தது.