தேக்கும் கப்பலும் காடும்

மலபாரிலும் ஆனைமலைச் சரிவுகளிலும் பர்மாவின் ஐராவதி வடிநிலத்திலும் இயற்கையாக வளர்ந்த தேக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் போருக்கும் சட்டத்துக்கும் காரணமாகும் அளவுக்கு மதிப்புப் பெற்றதை விளங்கிக்கொள்ள, முதலில் அதன் கட்டையை அறிய வேண்டும். மரத்தின் நடுவே முற்றிக் கெட்டிப்பட்டுப் பொன்னிறம் கலந்த பழுப்பாக மாறிய பகுதியே வைரம். அதில் எண்ணெய்ப் பசையும் கரையானுக்கு ஒவ்வாத வேதிப்பொருள்களும் ஊறியிருக்க, அதைச் சூழ்ந்த வெளிறு எனப்படும் வெளுத்த பகுதிக்கோ அந்தக் காப்பு இல்லை. நன்கு காய்ந்த தேக்கு கன மீட்டருக்கு ஏறத்தாழ 650 கிலோ எடை கொண்டது. வலிமைக்குக் குறைவில்லாமலும் தூக்கிக் கையாளச் சுமையாக இல்லாமலும் இருப்பதோடு, ஈரம் ஏறி இறங்கும்போது சுருங்குவதும் விரிவதும் மிகக் குறைவு. கட்டைக்குள் படிந்துள்ள நுண்ணிய மணற்சத்து, அறுப்போரின் வாளையும் இழைப்புளியையும் விரைவில் மழுக்கிவிடும் என்பதே தச்சர்களின் ஒரே குறை.

பெரும்பாணாற்றுப்படை காட்டும் எயினர் குடியிருப்பில் தேக்கிலை உணவு படைக்கும் இலையாகவே வருகிறது. எனினும் அதே பழங்காலத்தில் அதன் கட்டை கடல் கடந்திருந்தது என்பதற்கு, செங்கடற்கரையில் எகிப்தின் பெரனிகே துறைமுக அகழாய்வில், உடைந்த கப்பல்களிலிருந்து எடுத்துக் கட்டடங்களில் மீண்டும் பயன்படுத்தப்பட்டனவாகக் கருதப்படும் தேக்குத் துண்டுகள் கிடைத்திருப்பது சான்றாகும்.

ஐரோப்பிய ஓக் மரத்தின் துவர்ப்புச் சத்து இரும்பு ஆணிகளை அரித்துவிடும். தேக்கின் எண்ணெயோ ஆணியைத் துருவிலிருந்து காக்கும். நெப்போலியப் போர்க்காலத்தில் ஓக் பற்றாக்குறையால் திணறிய பிரித்தானியக் கடற்படை, பம்பாயின் வாடியா குடும்பத்தினர் தேக்கில் கட்டிய கப்பல்களை நாடியதற்கு இதுவும் ஒரு காரணம். 1817-ல் அங்கு நீரில் இறக்கப்பட்ட டிரிங்கோமாலி என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. இந்தத் தேவையை ஈடுகட்டவே 1806-ல் கேப்டன் வாட்சன் மலபாரில் காடுகளின் காப்பாளராக அமர்த்தப்பட்டார். காப்பாளர் என்ற பெயருக்குள் இருந்தது காப்பு அன்று, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகம். நிலவுடைமையாளரும் வணிகரும் எழுப்பிய எதிர்ப்பைக் கருதி ஆளுநர் தாமஸ் மன்றோவின் காலத்தில், 1823-ல், அப்பதவி நீக்கப்பட்டது.

வெட்டியதை ஈடுசெய்ய நட்டாக வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னரே செயலுக்கு வந்தது. மலபார் கலெக்டர் கனோலி 1840-களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட முனைந்தபோது, தேக்கு விதையின் தடித்த ஓடு பெருந்தடையாக நின்றது. அந்த ஓட்டை நனைத்தும் உலர்த்தியும் மாறிமாறிப் பதப்படுத்தினாலன்றி முளை எளிதில் வெளிவராது என்பதால் தொடக்க முயற்சிகள் வீணாயின. நாற்று உருவாக்கும் வழியைக் கண்டு, பல ஆண்டுகள் தொடர்ந்து நட்டுத் தோட்டத்தை நிலைநிறுத்தியவர் அவர்கீழ்ப் பணியாற்றிய சாத்து மேனன். கலெக்டரின் பெயரைத் தாங்கிய கனோலித் தோட்டம் உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டமாகப் போற்றப்படுகிறது. மேனனின் பெயரை அறிந்தோர் அவ்வளவு பேர் இல்லை என்பது அக்கால ஆட்சிமுறையின் இயல்பு.

வெட்டும் முறையும் கட்டையின் தன்மையாலேயே அமைந்தது. பச்சைத் தேக்கு நீரில் மிதப்பதில்லை. ஆகவே பர்மாவில் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிற்றையும் வைரம் தெரியும்வரை வளையமாக வெட்டிவிட்டு, மரத்தை நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று ஆண்டுகள் பட்டுக் காயவிட்டனர். எடை குறைந்தபின் அதைச் சாய்த்து, யானைகளைக் கொண்டு ஓடைகளுக்கு இழுத்துச் சேர்த்து, மழை வெள்ளத்தில் மிதக்கவிட்டு, பேராற்றில் தெப்பமாகப் பிணைத்து இரங்கூனுக்கு ஓட்டினர். இந்த வணிகத்தில் முன்னணியில் நின்ற பம்பாய் பர்மா கம்பெனி, மரக்கணக்கில் அரசை ஏய்த்ததாகத் தீபா மன்னரின் அரசவை 1885-ல் பெருந்தண்டம் விதித்ததே மூன்றாம் பர்மியப் போருக்கு உடனடிச் சாக்காயிற்று. பர்மாவில் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் செட்டிநாட்டு வீடுகளின் தூண்களுக்கும் நிலைகளுக்கும் கொண்டுவந்ததும் அந்நாட்டுத் தேக்கையே.

ஆனைமலையில் கட்டை மிதக்க வாய்ப்பான ஆறு அமையாததால் மலையுச்சியிலிருந்து கட்டைகளைச் சரிவில் நழுவவிட்டனர். டாப் ஸ்லிப் என்ற ஊர்ப்பெயர் அவ்வாறு வந்தது. பல ஆண்டு வெட்டினால் மெலிந்துபோன அக்காட்டை, அடிக்கட்டையிலிருந்து புதுத்தளிர் விட்டு மரமாகும் மறுதாம்பு முறையாலும் புது நடவாலும் மீட்கப் பாடுபட்ட வன அதிகாரி ஹியூகோ உட் 1933-ல் மறைந்தபின் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இவ்வரலாறு முழுவதிலும் தேக்கு ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட பொறுமையைக் கேட்டது; நிலம்பூர்ப் பகுதித் தோட்டங்களில் 50 முதல் 60 ஆண்டுகள் கழித்தே வெட்டுவது மரபு. 1990-களில் சில ஆயிரம் ரூபாய் கட்டினால் இருபது ஆண்டுகளில் பெருந்தொகை என்று ஆசைகாட்டிய தேக்குத் திட்டங்கள் பலவற்றில் பணம் போட்டோர் ஏமாந்ததும், பங்குச்சந்தை வாரியமான செபி அத்தகைய கூட்டு முதலீடுகளுக்கு 1999-ல் விதிமுறைகள் வகுத்ததும் அந்தப் பொறுமையை மறந்ததன் விளைவே. இளமையில் வெட்டிய மரத்தில் வைரம் குறைந்து வெளிறே மிகுந்திருக்கும்; ஆதலால் இன்று தேக்கு வாங்குவோர் கட்டையின் பருமனைக் கண்டு மயங்காமல், அறுத்த முகத்தில் வைரம் எவ்வளவு என்று பார்த்தபின் விலை பேசுவதே தக்கது.