எழுத்துரு மாற்றமும் நூற்பாடமும்: வேடந்தாங்கல் பறவைப் பெயர்கள்வழி ஒரு நோக்கு

முன்னுரை

கணினி அச்சுக்கோப்பு பரவிய காலத்தில் உருவான தமிழ் நூல்கள் பலவற்றின் கோப்புகள் இன்று வழக்கிழந்த எழுத்துருக்களில் உள்ளன. மறுபதிப்பின்போது அவற்றின் எழுத்துருவை மாற்றுவது தோற்றத்தை மட்டும் புதுப்பிக்கும் பணி அன்று. அது நூற்பாடத்தையே தொடுவதாகும். செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலைப் பற்றிய ஒரு பறவை நூலில் வரக்கூடிய சொற்களே இதற்குச் சான்றாகும்.

குறியீடுகளின் வரலாறு

1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆயினும் பதிப்புத்துறை நெடுங்காலம் எட்டுப்பிட்டு எழுத்துருக்களையே சார்ந்திருந்தது. அவற்றின் குறியீடுகள் நிறுவனந்தோறும் வேறுபட்டன. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு தாம், தாப் தரங்களை ஏற்றது. பல நாட்டுத் தமிழர் கலந்துரையாடி டிஸ்கி தரத்தை உருவாக்கினர். 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது.

பாடச் சிதைவுகள்

பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்தைச் சேமித்தன. ஒருங்குறி ஒலிப்பு வரிசையில் சேமிக்கிறது. ‘வேடந்தாங்கல்’ என்பதில் முன்னதில் இரட்டைக்கொம்பு முதலிலும் வகரம் அடுத்தும் நிற்கும். பின்னதில் வகரமே முதலில் நிற்கும். ஆகவே எழுத்துருவின் பெயரை மட்டும் மாற்றினால் பக்கம் பொருளற்ற குறிகளாகும். குறியீட்டு மாற்றம் இன்றியமையாதது.

மாற்றிய பின்னரும் ஐயம் தீர்வதில்லை. ஔகாரக் குறிக்கு ளகரத்தையே பயன்படுத்திய கோப்புகளில் ‘கௌதாரி’ ‘கெளதாரி’ ஆகிவிடும். ரகர மெய்க்குத் துணைக்காலும் புள்ளியும் இட்ட இடங்களில் ‘நீர்க்காகம்’ ‘நீா்க்காகம்’ ஆகும். கண் இவற்றை வேறுபடுத்தாது. தேடுபொறியும் சொல்லடைவும் வேறு சொற்களாகவே கொள்ளும்.

வரிவடிவச் சிக்கல்

பெரியார் 1935இல் ‘குடிஅரசு’ இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தின் ஒரு பகுதியைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றது. அதற்கு முந்தைய அச்சில் லை, ளை, னை, றா போன்றவை தனிவடிவம் பெற்றிருந்தன. ‘வேடந்தாங்கல்’ இரு முறைகளிலும் ஒன்றே. வேற்றுமை உருபேற்ற ‘வேடந்தாங்கலை’ வேறுபடும். ஒருங்குறியில் இவ்விரு வடிவங்களுக்கும் தனித்தனிக் குறியீடு இல்லை. பழைய தோற்றம் வேண்டுமாயின் அதற்குரிய எழுத்துருவைத் தேர்ந்தால் போதும். பாடத்தைத் திருத்த வேண்டியதில்லை.

முடிவுரை

மறுபதிப்பில் குறியீட்டு மாற்றம், அச்சுப்படியோடு ஒப்புநோக்கல், எழுத்துருத் தேர்வு என்பதே தக்க வரிசை. ஔகாரமும் ரகர மெய்யும் வரும் இடங்களைத் தனியே சரிபார்த்தல் வேண்டும். மூலக்கோப்பை அழியாது காத்து, செய்த மாற்றங்களைப் பதிப்புரையில் பதிதல் நன்று. இவை தவறின் நூல் கண்ணுக்குப் புலப்பட்டும் ஆய்வாளரின் தேடலுக்கு எட்டாததாகிவிடும்.