ஒட்டெலும்பு

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் ஒட்டு என்றால் மாங்கன்று. எலும்பு மருத்துவரிடம் அதுவே ஒட்டெலும்பு. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் வழங்கும் ‘கிராஃப்ட்’டின் வேர் கிரேக்க எழுத்தாணி, சீவிய ஒட்டுக்குச்சி அப்படித்தான் இருக்கும்.

நாற்கரச் சாலையில் பைக்கிலிருந்து கையூன்றி விழுந்தவர் மணிக்கட்டு வலியைச் சுளுக்கென்று விட்டுவிடுவார். உடைந்தது மணிக்கட்டிலுள்ள படகெலும்பானால் (ஸ்கேஃபாய்டு) வம்புதான். அதற்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கமிருந்தே பின்னோக்கி வருகிறது. முன்கைப் பக்கத் துண்டு பட்டினி கிடக்கும். சேராவிட்டால் வேறிடத்து எலும்பை எடுத்து வைப்பார்கள், அதுதான் ஒட்டெலும்பு.

எங்கிருந்து எடுப்பது? முன்கையின் ஆரை எலும்பில் மணிக்கட்டு முனை என்றால் அதே கையில் வேலை முடியும். இடுப்பெலும்பில் தாராளமாக, உறுதியாகக் கிடைக்கும். ஆனால் எடுத்த இடம் வலிக்கும். படகெலும்பின் முன்கைப் பக்கத் துண்டு செத்திருந்தால் ரத்தக்குழாயோடு பெயர்த்த எலும்பு தேவைப்படலாம்; ஆரையிலிருந்தோ, தொடையெலும்பின் முழங்கால் முனையிலிருந்தோ.