பரணில் கிடந்த ரேடியோ கார்

டார்ச் விளக்கு எரியவில்லை என்றால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டுகிறோம். பெரும்பாலும் எரிந்துவிடுகிறது. காரணம் எளியது. மின்கலத்தின் முனையின் மீதும் அதைத் தொடும் தகட்டின் மீதும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஈரமும் சேர்ந்து மெல்லிய படலம் ஒன்றை உண்டாக்கியிருக்கின்றன. இந்தப் படலம் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. தட்டும்போது உலோகங்கள் ஒன்றோடொன்று உராய்கின்றன, படலம் கிழிகிறது, மின்னோட்டம் பாய்கிறது.

1894ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஆலிவர் லாட்ஜ் என்ற இயற்பியலறிஞரும் ஒரு கண்ணாடிக் குழாயைத் தட்டிக்கொண்டிருந்தார். ஆனால் அவருடைய நோக்கம் நேர் எதிரானது. தட்டியதும் மின்னோட்டம் நிற்கவேண்டும் என்பதே அவருக்கு வேண்டியது. இந்த இரண்டு தட்டல்களும் ஒரே பொருளில் சந்திப்பதைச் சென்ற கோடை விடுமுறையில் கண்டேன். அந்தப் பொருள் என் தாய்மாமா வீட்டுப் பரணில் பல ஆண்டுகள் கிடந்த ஒரு ரேடியோ கார்.

மாமா 1986இல் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது வாங்கி வந்த ஜப்பானிய வண்டி அது. முழங்கை நீளம், பெரிய பின்சக்கரங்கள், கையில் பிடிக்கும் ஒலிபரப்புப் பெட்டியில் இரண்டு குச்சிகள். நான் சிறுவனாக இருந்தபோது அதைத் தொட அனுமதி கிடையாது. இப்போது பரணைக் காலி செய்யும் வேளையில், "டேய், நீதான் பிசிக்ஸ் வாத்தியாராச்சே, இது ஓடுமான்னு பாரு. ஓடலைன்னா பழைய இரும்புக்காரன்கிட்டப் போட்டுடலாம்" என்றார். சொல்லிவிட்டு வண்டியைக் கையிலிருந்து விடாமல் சற்று நேரம் வைத்திருந்தார்.

பழைய வண்டி ஒன்றைத் துடைத்து ஓடவைப்பது வெறும் கைவேலை என்றுதான் நானும் எண்ணினேன். ஆனால் திருகாணிகளைக் கழற்றக் கழற்ற, நூறாண்டு இயற்பியல் வரலாறு உள்ளே அடுக்கடுக்காக இருந்தது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டவருக்கு எதைத் துடைக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

மின்காந்த அலைகள் உண்டு என்பதை 1887-88இல் ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் நிரூபித்தார். அவர் பயன்படுத்திய ஒலிபரப்பி ஒரு மின்பொறிதான். இரண்டு உலோகக் குண்டுகளுக்கு இடையே பொறி பாய்ந்தது. அதிலிருந்து அலை கிளம்பியது. அந்த அலையை உணரும் கருவியை 1890இல் பிரெஞ்சு அறிஞர் பிரான்லி உண்டாக்கினார். ஒரு கண்ணாடிக் குழாய், அதனுள் உலோகத்தூள். சாதாரணமாக இத்தூள் மின்சாரத்தைக் கடத்தாது. தூளின் ஒவ்வொரு துகளையும் ஆக்ஸைடு படலம் போர்த்தியிருக்கிறது அல்லவா? அருகில் மின்பொறி ஒன்று பாய்ந்ததும் அந்தப் படலம் உடைந்து, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, குழாய் திடீரென்று கடத்தத் தொடங்குகிறது. லாட்ஜ் இதற்குக் கொஹீரர் என்று பெயரிட்டார். ஒருமுறை ஒட்டிய துகள்கள் தாமாகப் பிரிவதில்லை. அடுத்த அலையை உணரவேண்டுமானால் குழாயைத் தட்டிக் கலைக்கவேண்டும். லாட்ஜ் தட்டியதன் இரகசியம் இதுவே.

நம் நாட்டில் ஜகதீஷ் சந்திர போஸ் 1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் பலர் முன்னிலையில், கம்பி ஏதுமின்றித் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச்செய்து வெடிமருந்தையும் வெடிக்கச்செய்தார். போஸைப் பற்றிப் பேசுவோர் அதைக் கம்பியில்லாத் தந்தியின் முன்னோடி என்று மட்டுமே சொல்வது வழக்கம். தொலைவிலுள்ள பொருளை ஆட்டிவைத்த செயல் என்பதால் தொலைக்கட்டுப்பாட்டின் முன்னோடி என்றும் சொல்லவேண்டும் என்பது என் கருத்து.

1898இல் நியூயார்க்கின் மேடிசன் சதுக்கத் தோட்டத்தில் நிகோலா டெஸ்லா நீர்த்தொட்டியில் சிறு படகு ஒன்றை மிதக்கவிட்டு, ரேடியோ அலையால் அதைத் திருப்பியும் விளக்குகளை மினுக்கியும் காட்டினார். அந்த ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் அவருக்குக் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமையின் எண் 613,809. நகரும் கலங்கள் அல்லது வாகனங்களைக் கட்டுப்படுத்தும் முறை என்பது அதன் தலைப்பின் பொருள். காட்டியது படகு, உரிமை கேட்டதோ வாகனத்துக்கும் சேர்த்து! படகின் உள்ளே இருந்ததும் ஒருவகைக் கொஹீரர்தான். ஒவ்வொரு சைகைக்குப் பின்னும் அது தானாகத் தலைகீழாகப் புரண்டு தூளைக் கலைத்துக்கொள்ளும்படி டெஸ்லா அமைத்திருந்தார்.

தரையில் ஓடிய முதல் வண்டியின் பெருமை ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் லியோனார்டோ டோரெஸ் கெவெடோவுக்கு உரியது. டெலிகினோ என்ற தம் கருவியை 1903இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் அளித்த அவர், 1904இல் மின்சார மூன்றுசக்கர வண்டி ஒன்றை இருபது முப்பது மீட்டர் தொலைவிலிருந்து இயக்கினார். 1906இல் பில்பாவோ துறைமுகத்தில் மன்னர் முன்னிலையில் படகையும் ஓட்டிக்காட்டினார். மாமாவின் வண்டிக்கு இந்த மூன்றுசக்கர வண்டிதான் கொள்ளுத்தாத்தா.

பிறகு வந்தவற்றை விரைந்து கடந்துவிடலாம். 1937இல் அமெரிக்காவில் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் ரேடியோ விமானப் பொம்மையைப் பறக்கவிட்டனர். டிரான்சிஸ்டர் வந்து கருவிகள் சிறுத்தன. 1966இல் இத்தாலியின் எலெட்ரோனிகா ஜோகட்டோலி நிறுவனம் ஃபெராரி காரின் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜப்பானில் ஷிசுவோக்கா நகரின் டாமியா நிறுவனம் 1976இல் போர்ஷே 934 மாதிரியையும், 1979இல் மணலில் ஓடும் சாண்ட் ஸ்கார்ச்சர் வண்டியையும், 1984இல் கிராஸ்ஹாப்பர், ஹார்னெட் வண்டிகளையும் வெளியிட்டது. இவையெல்லாம் வாங்குபவரே பூட்டிக்கொள்ளும்படி உதிரிகளாகப் பெட்டியில் வந்தவை. பூட்டத் தெரிந்தவர்க்குக் கழற்றவும் தெரியும். அன்றைய வண்டிகள் பல இன்றும் பிழைத்திருப்பதற்கு இதுவே காரணம் என்பேன்.

இனி வண்டிக்கு வருவோம். புதிய மின்கலங்களைப் போட்டுக் குச்சியைத் தள்ளினால் முன்சக்கரங்கள் திரும்பின, வண்டி நகரவில்லை. இக்காலத்து வண்டிகளில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது டிரான்சிஸ்டர். அக்காலத்து வண்டிகளில் ஒரு சிறு மோட்டார் பித்தளைக் கை ஒன்றை ஆட்டும். அந்தக் கை செப்புத் தகடுகளின் மேல் வழுக்கிச்சென்று, இடையிலுள்ள மின்தடைகளைச் சேர்த்தும் நீக்கியும் வேகத்தை மாற்றும். நம் வீட்டு மின்விசிறியின் பழைய ரெகுலேட்டரைப் போன்றதே. அந்தத் தகடுகள் கருத்துக் கிடந்தன. மரத்துண்டால் இலேசாகத் தட்டினேன். வண்டி ஒரு முழம் பாய்ந்து நின்றது. லாட்ஜ் நினைவுக்கு வந்தது அப்போதுதான். அவருக்கு வாழ்வளித்த படலம் எனக்கு வழிமறித்தது.

கருப்பு என்றால் எவ்வளவு நட்டம்? கணக்கிட்டுப் பாருங்கள். படலத்தின் தடை 0.1 ஓம் என்று கொள்வோம். டிரான்சிஸ்டர் ரேடியோவில் சில மில்லியாம்பியர் பாயும்போது இது ஒரு பொருட்டே அல்ல. இந்த வண்டியிலோ விசையோடு கிளம்பும்போது 10 ஆம்பியர் பாயலாம். அப்போது அந்த ஓரிடத்தில் மட்டும் 1 வோல்ட் இழப்பு. மின்கலத் தொகுதி தருவதோ 7.2 வோல்ட். இழந்த ஆற்றல் 10 வாட் வெப்பமாகி அதே தகட்டைச் சுடும். சுட்டால் ஆக்ஸைடு மேலும் வளரும். ஆகவே கொஞ்சம் கருத்த தகடு வெகுவிரைவில் மிகவும் கருத்துவிடும்.

உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக்கூடாது. அது தகட்டில் கோடுகளை உண்டாக்கும். கோடுகளின் மேடுகள் மட்டுமே தொடும். மீண்டும் பொறி, மீண்டும் கருப்பு. பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரே போதும். பின்னர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து உலரவிடவேண்டும்.

ஒலிபரப்புப் பெட்டியின் மின்கல அறையில் வெண்ணிறப் பொடி பூத்திருந்தது. இங்கே ஒரு வேதியியல் கேள்வி. கசிந்தது எந்த வகை மின்கலம்? ஆல்கலைன் வகையானால் கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. காற்றிலுள்ள கரியமிலவாயுவோடு சேர்ந்து கார்பனேட்டாகிறது. அது காரம்; சில துளி வினிகரால் அடங்கும். நாம் பெட்டிக்கடையில் வாங்கும் மலிவான துத்தநாக-கார்பன் பென்சில் செல்லின் கசிவோ அமிலத்தன்மை உடையது. அதற்குச் சமையல் சோடாக் கரைசல் வேண்டும். எதுவென்று தெரியாதபோது லிட்மஸ் தாளைத் தொட்டுப் பார்ப்பதே நேர்வழி. பத்தாம் வகுப்பில் படித்தது பரணில் பயன்படும். கையுறை அணிந்து செய்யுங்கள். வண்டியின் பழைய நிக்கல்-காட்மியம் தொகுதியைப் பிரிக்கவே கூடாது, காட்மியம் நஞ்சு. அதைக் குப்பையிலும் எறியாமல் மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் கொடுத்துவிட்டு, அதே மின்னழுத்தமுள்ள நிக்கல்-உலோக ஹைட்ரைடு தொகுதியையும் அதற்குரிய சார்ஜரையும் வாங்கினேன். லித்தியம் தொகுதியைப் போடலாமே என்று ஒரு மாணவர் கேட்டார். அது குறிப்பிட்ட அளவுக்குக் கீழ் வடிந்தால் கெட்டுவிடும். வடிவதைக் கண்டு நிறுத்தும் அறிவு அந்தப் பித்தளைக் கைக்கு இல்லை.

மோட்டாரைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டும். சுழலும் செப்புத் துண்டுகளின்மேல் கார்பன் பிரஷ்கள் உராய்கின்றன. ஒவ்வொரு துண்டு மாறும்போதும் சுருளில் பாயும் மின்னோட்டம் முறிந்து பொறி தெறிக்கிறது. அப்படியானால் இந்த மோட்டார் யார்? ஹெர்ட்சின் ஒலிபரப்பியேதான்! வண்டியின் வயிற்றிலேயே உட்கார்ந்துகொண்டு ரேடியோ இரைச்சலைப் பரப்பி, ஒரு சாண் தள்ளியிருக்கும் ஏற்பியின் காதைச் செவிடாக்குகிறது. இதை அடக்கவே மோட்டாரின் முனைகளில் 0.1 மைக்ரோஃபாரட் போன்ற சிறு மின்தேக்கிகளைப் பற்றவைத்திருப்பார்கள். சுத்தம் செய்கிறேன் என்று இவற்றை முறித்துவிட்டு, வண்டி தானாக ஓடுகிறது, பேய் பிடித்துவிட்டது என்று அலறியவர்கள் உண்டு.

மோட்டாரின் செப்புத் துண்டுகளிலும் பழுப்பு நிறப் படலம் இருக்கும். வேகத்தகட்டைத் துடைத்த கை இதையும் துடைக்கத் துடிக்கும். வேண்டாம். இது செப்பு ஆக்ஸைடும் கார்பனும் கலந்த பூச்சு. உராய்வைக் குறைத்துப் பிரஷ்ஷின் ஆயுளைக் கூட்டுகிறது. கரியாகக் கருகியிருந்தால்தான் கேடு. நான் செய்தது இவ்வளவே: பல்சக்கரத்திலிருந்து மோட்டாரை விடுவித்து, 3 வோல்ட்டில் சில நிமிடம் ஓடவிட்டேன், அச்சின் இரு முனைகளிலும் ஒவ்வொரு துளி மெல்லிய எண்ணெய் இட்டேன்.

பின்அச்சில் ஒரு புதிர். எஃகு அச்சு தேய்ந்து பள்ளமாகியிருந்தது. அதைத் தாங்கிய மென்மையான பிளாஸ்டிக் புஷ் அவ்வளவாகத் தேயவில்லை. மெத்தென்றது தேயாமல் கெட்டியானது தேயுமா? தேயும். மணலிலுள்ள குவார்ட்ஸ் எஃகைவிடக் கடினமானது. மணல்துகள் மென்மையான புஷ்ஷில் புதைந்து அங்கேயே நிலைத்துவிடுகிறது, புஷ் உப்புத்தாளாகிறது, சுழலும் எஃகை அராவுகிறது. எனவே மணல் படிந்த வண்டிக்கு எண்ணெய் விடுவது சாணை பிடிக்கும் பசையைத் தயாரிப்பதற்குச் சமம். முதலில் கழற்று, சோப்புநீரில் கழுவு, உலர்த்து, பிறகே எண்ணெய்.

இவ்வளவு தெரிந்த நான் ஒரு பெரும் தவறும் செய்தேன். மேற்கூட்டின் பக்கத்தில் படிந்திருந்த தார்க்கறையை நகப்பூச்சு நீக்கும் திரவத்தால் துடைத்தேன். அதில் இருப்பது அசிட்டோன். மேற்கூடு பாலிகார்பனேட். துடைத்த இடம் ஒரே நொடியில் பால்போல் வெளுத்து, மறுநாள் நூல்போல் விரிசல்கள் ஓடின. சட்டத்திலுள்ள ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்காக இருந்திருந்தால் கரைந்தே போயிருக்கும். பெட்ரோலும் தின்னரும் இப்படிப்பட்ட எதிரிகளே. இளஞ்சூடான நீர், சிறிது சோப்பு, பழைய பல்துலக்கி ஆகியவற்றுக்குமேல் பிளாஸ்டிக்குக்கு எதுவும் தேவையில்லை. மாமாவிடம் காட்டியபோது எதுவும் சொல்லவில்லை. விரிசலைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். "அடியில இருக்கிற கீறலையாவது விட்டுடு. அது நம்ம ஊர்க் கண்மாய்க்கரைல விழுந்தது" என்றார். விட்டுவிட்டேன்.

கடைசியாக, படிகம். ஒலிபரப்பியில் ஒன்று, ஏற்பியில் ஒன்று என இரண்டு சிறு உலோகக் கூடுகள் இருக்கும். உள்ளே குவார்ட்ஸ் துண்டு. ஒன்றில் 27.145 மெகாஹெர்ட்ஸ் என்றும் மற்றதில் 26.690 என்றும் எழுதியிருந்தது. பொருத்தமற்ற ஜோடி என்று எறிந்துவிடாதீர்கள்! இரண்டுக்குமுள்ள வேறுபாடு 0.455 மெகாஹெர்ட்ஸ். நம் வானொலிப் பெட்டிகளில் உள்ள அதே 455 கிலோஹெர்ட்ஸ் இடைநிலை அலைவெண். 1918இல் ஆம்ஸ்ட்ராங் கண்ட சூப்பர்ஹெட்டரோடைன் முறை. படிகங்களை இடம் மாற்றிப் போட்டால் இருவரும் வெவ்வேறு மொழி பேசுவார்கள். ஏற்பியிலிருந்து தொங்கும் கம்பியையும் அழகுக்காக வெட்டக்கூடாது. 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 11 மீட்டர். அதற்குக் குட்டையான கம்பியை உள்ளேயுள்ள சுருளோடு சேர்த்து இசைவித்திருக்கிறார்கள். நீளம் மாறினால் இசைவும் மாறும்.

மாலையில் முற்றத்தில் வண்டியை வைத்தோம். மாமா ஒலிபரப்பியின் ஆண்டெனாவை முழுதும் இழுத்துவிட்டுக் குச்சியைத் தள்ளினார். வண்டி நகரவில்லை. நான் குனிவதற்குள் அவரே வந்து அதன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். துளசிமாடத்தைச் சுற்றிக்கொண்டு அது வாசல்வரை ஓடியது. எந்தத் தொடுமுனை இன்னும் கருத்திருக்கிறது என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கழற்றிப் பார்க்கவேண்டும்.